கடல் கடந்து கற்கச் செல்வோர்

கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து செல்லும் நம் பிள்ளைகள், சென்ற இடத்திலே எவ்வாறு காலூன்றி நிற்கின்றனர், அவர்கள் அவ்வாறு நிற்பதற்கு இங்கிருக்கும் நாம் செய்யத்தக்கது யாது என்பதைப்பற்றி இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகின்றேன்.

நான் வாழும் திருநெல்வேலியிலே இஃது ஏட்டளவில் நிற்கும் பொருளன்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் 1921ஆம் ஆண்டில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவிலேதான் 1974ஆம் ஆண்டில் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கிற்று. 1979ஆம் ஆண்டு முதல் அது தனிப் பல்கலைக்கழகமாக விளங்கிவருகின்றது. அங்கிருந்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்வோரும் உளர். எம்போன்ற பாடசாலைகளிலிருந்து நேரே செல்வோரும் உளர். எங்கள் சந்தையிலே மரக்கறி விற்கும் தாய்மாரைக் கேட்டாலும், மகன் இங்கிலாந்திலே படிக்கின்றான், பெறாமகள் நோர்வேக்குப் போயிருக்கின்றாள் என்று சொல்லக் கேட்கலாம்.

செல்வோர் மூவகையினர். இரு பல்கலைக்கழகங்கள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஒரு தவணையோ ஓராண்டோ அங்கிருந்து கற்று மீளும் பரிமாற்ற மாணவர் ஒரு வகையினர். புலமைப்பரிசில் பெற்றுப் பட்டத்துக்கோ ஆராய்ச்சிக்கோ செல்வோர் மற்றொரு வகையினர். காணியை ஈடுவைத்தும் நகையை விற்றும் பெற்றோர் அனுப்பிவைப்போர் மூன்றாம் வகையினர். இவர்களுடைய செலவும் காலமும் வேறு; ஆயினும் அந்நிய நாட்டிலே இவர்கள் கழிக்கும் முதலாண்டு பெரும்பாலும் ஒன்றே.

இதனைப்பற்றிப் பேசுவதற்கு எனக்குள்ள தகுதி, நான் செய்த ஒரு பிழையேயாகும். அதனை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

2011ஆம் ஆண்டிலே, எங்கள் பாடசாலையிற் கற்றுப் பல்கலைக்கழகம் புகுந்த ஓர் இளைஞன், குளிர்நாடொன்றிலே ஈராண்டு கற்பதற்குப் புலமைப்பரிசில் பெற்றான். தந்தையை இழந்தவன், தாயார் தையல் வேலை செய்து வளர்த்த பிள்ளை. புறப்படுமுன் என்னிடம் விடைபெற வந்தான். நான் அவன் தோளிலே கைவைத்து, “தம்பி, அம்மா உன்னை நினைந்தே இருப்பா. அவவுக்குக் கவலை தரும் எதையும் எழுதாதே, நல்லவற்றை மட்டும் சொல்லு” என்று கூறி அனுப்பினேன். பெரியவர் ஒருவர் சொல்லக்கூடிய நல்ல புத்திமதி இதுவே என்று அன்று நான் மனப்பூர்வமாக நம்பினேன்.

அவன் சொல் தவறாத பிள்ளை. கிழமைதோறும் தாயாரோடு பேசினான். பனியிலே நின்று எடுத்த படங்களை அனுப்பினான். படிப்பு நன்றாக நடக்கின்றது, சாப்பாடு நன்றாக இருக்கின்றது, நண்பர்கள் நல்லவர்கள் என்றே எப்பொழுதும் சொன்னான். தாயார் அந்தப் படங்களை என்னிடம் கொண்டுவந்து காட்டி மகிழ்வார். ஓராண்டு கழிந்தபின்னரே உண்மை தெரிந்தது. முதற் பனிக்காலத்திலேயே அவன் வகுப்புக்குச் செல்வதைக் குறைத்துவிட்டான். மூன்று பாடங்களிலே சித்தியடையவில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு பகலெல்லாம் உறங்கி, இரவெல்லாம் விழித்திருந்தான். புலமைப்பரிசிலை நிறுத்திவைப்பது பற்றி அறிவிக்கும் கடிதம் வந்த பின்புங்கூட, அவன் தாயாருக்கு ஒரு பனிப்படத்தையே அனுப்பினான்.

பின்னர் அவன் என்னோடு பேசியபோது, ஏன் எவருக்கும் சொல்லவில்லை என்று கேட்டேன். “சேர், நீங்கள் சொன்னபடியேதான் செய்தேன்” என்றான். அதில் என்னைக் குறைகூறும் தொனி சிறிதும் இருக்கவில்லை. அதனாலேயே அந்தச் சொல் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

நேயர்களே, அந்தப் பிள்ளைக்கு நேர்ந்தது அவனுக்கு மட்டும் உரிய குறைபாடா என்று அறிவதற்காக நான் பிற்காலத்திலே சில நூல்களைத் தேடிப் படித்தேன். அவன் சென்ற வழி பலரும் சென்ற வழியே என்பதை அவை எனக்கு உணர்த்தின.

கனடாவிற் பிறந்த மானிடவியலாளரான கலெர்வோ ஒபர்க் என்பவர், 1954ஆம் ஆண்டிலே பிரேசில் நாட்டின் றியோ டி ஜெனீரோ நகரில் ஒரு சொற்பொழிவாற்றினார். அந்நிய நாட்டிலே வாழப் புகுந்தோர்க்கு உண்டாகும் ஒருவகை மனத்தளர்ச்சியை அவர் அதிலே விளக்கினார். பண்பாட்டு அதிர்ச்சி என்று இன்று நாம் வழங்குந் தொடர் பரவுவதற்கு அவருடைய எழுத்தே பெருங் காரணமாயிற்று. முதலிலே எல்லாம் புதுமையாய் இனிக்கும். அடுத்து, எதற்கெடுத்தாலும் சினமும் ஏக்கமும் தோன்றும். குடிக்கும் தண்ணீரிலும் உண்ணும் உணவிலும் ஐயம் பிறக்கும். பிறகு சிறிது சிறிதாகத் தெளிவு வரும். ஈற்றிலே அந்த நாடும் வாழத்தக்க நாடாகிவிடும். இவ்வாறு நான்கு படிகளை அவர் கூறினார். இதற்குக் காரணம் மிக எளிது. எப்பொழுது கைகொடுப்பது, எப்பொழுது வாய்திறப்பது, எவரை எப்படி விளிப்பது என்பன போன்ற நூற்றுக்கணக்கான சிறு குறிப்புகளை நாம் சிந்தியாமலே அறிந்து வைத்திருக்கின்றோம். அந்நிய நாட்டிலே அவையனைத்தும் ஒரே நாளிற் பயனற்றுப் போகின்றன.

1955ஆம் ஆண்டிலே நோர்வே நாட்டு ஆய்வாளரான ஸ்வெர லீஸ்கார் இன்னுமொரு செய்தியை வெளியிட்டார். புல்பிறைற் திட்டத்தின்கீழ் அமெரிக்கா சென்று மீண்ட ஏறத்தாழ 200 நோர்வேஜியரை அவர் விசாரித்தார். ஆறு மாதத்துக்குட்பட்டு அங்கிருந்தோரும், பதினெட்டு மாதத்துக்கு மேற்பட்டு இருந்தோரும் நன்கு பொருந்தியிருந்தனர். இடைப்பட்ட காலம் இருந்தோரே மிகவும் துன்புற்றிருந்தனர். பின்வந்த ஆய்வாளர் சிலர், இந்தக் கணக்கு எல்லோர்க்கும் பொருந்தாது, பலருக்கு முதற் சில கிழமைகளே மிகக் கடினமானவை என்றுங் காட்டியுள்ளனர். எவ்வாறாயினும் ஒன்றை நாம் மனங்கொள்ளல் வேண்டும். விமான நிலையத்திலே கண்ணீரோடு வழியனுப்பிய முதல் மாதத்திலே நாம் காட்டும் அக்கறை, எட்டாம் மாதத்திலே குறைந்துவிடுகின்றது. பிள்ளைக்கு அது மிகுதியாகத் தேவைப்படுவது அந்த எட்டாம் மாதத்திலேயாகலாம்.

இனி, அங்கே கடினமாவன எவை என்று சிறிது பார்ப்போம்.

முதலாவது வகுப்பறை. எங்கள் பாடசாலைகளிலே ஆசிரியர் சொல்வார், மாணவர் எழுதுவர். எழுதியதை மனனஞ் செய்து பரீட்சையிலே ஒப்புவிப்பர். ஆசிரியர் பேசும்போது இடையிட்டுப் பேசாமை ஒழுக்கம் என்று நாமே கற்பித்திருக்கின்றோம். மேல்நாட்டுப் பல்கலைக்கழகத்திலோ பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, முன்னரே படித்து வந்த கட்டுரை ஒன்றைப்பற்றி வாதிடுகின்றனர். எங்கள் பிள்ளை மரியாதையின் பொருட்டு மௌனமாக இருக்கின்றான். அங்குள்ளோர், இவன் படித்து வரவில்லை, அல்லது இவனுக்கு விளங்கவில்லை என்று கொள்கின்றனர். பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கும்படி அவரே கேட்கின்றார். இவனுக்கு நா எழவில்லை. எப்படி விளிப்பது என்று தெரியாமையினாலேயே அவரிடம் செல்லாதுவிட்ட மாணவரை நான் அறிவேன்.

இரண்டாவது, எழுத்து. ஆசிரியருடைய வசனத்தை எழுத்துப் பிசகாமல் எழுதினால் நாங்கள் முழுப்புள்ளி வழங்குகின்றோம். அங்கே, பிறர் எழுதிய வசனத்தை இன்னாருடையது என்று குறியாமல் எழுதினால் அது திருட்டாகக் கருதப்படும், தண்டனையும் உண்டு. இங்கே குருபக்தியாக இருந்த ஒன்று அங்கே குற்றமாகிவிடுகின்றது. பிள்ளை கெட்டவனாகிவிடவில்லை, கற்பித்த விதி மாறிவிட்டது. இதனைப் புறப்படுமுன்னரே சொல்லிக்கொடுப்பது எங்கள் கடமை.

மூன்றாவது, மொழி. ஆங்கிலப் பரீட்சையிலே உயர்ந்த தரம் பெற்றவனுக்கும் கடைக்காரருடைய பேச்சு விளங்காது. நூலைப் படிக்கும் ஆங்கிலம் வேறு. பேருந்திலே சாரதி பேசும் ஆங்கிலம் வேறு. நகைச்சுவையோ எல்லாவற்றிலும் கடைசியாகவே விளங்கும். எல்லோரும் சிரிக்கையில் தானும் சேர்ந்து சிரித்துவிட்டு, எதற்காகச் சிரித்தோம் என்று அறியாதிருப்பது சிறிய துன்பந்தான். ஆனால் அது நாளைக்குப் பத்துமுறை நிகழ்வது.

நான்காவது, ஒளியும் குளிரும். பேர்கன் என்னும் நோர்வே நகரை எடுத்துக்கொள்வோம். எங்கள் பல்கலைக்கழகத்துப் பௌதிகத்துறை மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ்ச் சென்று கற்ற நகரம் அது. யாழ்ப்பாணத்திலே மார்கழி மாதத்துக் குறுகிய பகலும் பதினொன்றரை மணி நேரம் நீடிக்கும். பேர்கனிலோ அது ஏறத்தாழ ஆறு மணி நேரமே. எங்கள் மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து ஓய்ந்துவிடும். அங்கே ஆண்டு முழுவதும் மழை. காலையில் இருளிலே வகுப்புக்குச் சென்று, பிற்பகலில் இருளிலே திரும்பும் பிள்ளைக்கு உறக்கங் குலைவதும் மனஞ் சோர்வதும் உடலின் இயல்பேயன்றிச் சோம்பலன்று. அந்த நாட்டவரே பனிக்காலத்திலே மீனெண்ணெய் உட்கொள்வதும், வெளிச்சம் உள்ள சிறு பொழுதிலே வெளியே நடப்பதும் இதனை அறிந்துதான்.

ஐந்தாவது, பணம். ஒரு கோப்பை தேநீரின் விலையை ரூபாவாக மாற்றிக் கணக்கிட்டுப் பார்த்து, அது தாயாருடைய ஒரு நாட் சம்பாத்தியம் என்று கண்டு, குடியாமல் திரும்பும் பிள்ளைகள் பலர். சிக்கனம் நற்குணமே. ஆனால் தேநீர்க்கடையிலேதான் அங்குள்ள மாணவர் ஒருவரோடொருவர் பழகுகின்றனர். ஒரு தேநீரை மிச்சம் பிடிப்பவன், சில வேளைகளிலே ஒரு நட்பையும் இழந்துவிடுகின்றான்.

இத்தனை கடினங்களுக்குமிடையே எங்கள் மக்கள் அங்கே எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கு நோர்வேயே நல்ல எடுத்துக்காட்டாகும். யாழ்ப்பாணத்தவரான அன்ரனி இராசேந்திரம் என்பவர் 1956ஆம் ஆண்டிலே அந்நாட்டுக்குச் சென்றார். அங்கே குடியேறிய தமிழருள் முதல்வராக அவர் எண்ணப்படுகின்றார். வேறு தமிழர் எவருமில்லாத நாட்டிலே அந்த மொழியைக் கற்று, மீன்பிடித்தொழிலைப் பயின்றார். பயின்றதை அங்கேயே விட்டுவிடவில்லை. நோர்வே மக்களின் உதவியைத் திரட்டி, 1960களின் பிற்பகுதியிலே காரைநகரில் சீ-நோர் என்னும் மீன்பிடித்தொழில் நிலையம் உருவாவதற்கு வழிசெய்தார். படகு கட்டுதலும் வலை பின்னுதலும் அதனாலே பலருக்குத் தொழிலாயின.

அவருக்குப்பின் 1970களிலும் 1980களிலும் எங்கள் இளைஞர் பலர் நோர்வேயின் மக்கள் உயர்பள்ளிகளுக்குச் சென்றனர். இவை 1844ஆம் ஆண்டிலே தென்மார்க்கில் தோன்றி, 1864ஆம் ஆண்டிலே நோர்வேயிலும் தொடங்கிய விடுதிக் கலாசாலைகள். ஆசிரியரும் மாணவரும் ஒரே வளவில் வாழ்ந்து, ஒரே மேசையில் உண்டு கற்பார்கள். இங்கே பரீட்சையுமில்லை, புள்ளியுமில்லை. பரீட்சைப் புள்ளி ஒன்றினாலேயே தன்னை அளந்து பழகிய யாழ்ப்பாணத்து இளைஞனுக்கு இஃது எத்தகைய திகைப்பாயிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆயினும் மொழியை விரைவிலே கற்பதற்குப் பாத்திரங் கழுவும் இடமும் உணவு மேசையும் ஏற்ற இடங்களாயின. 1983ஆம் ஆண்டின் கொடுமைக்கும் பின்வந்த போருக்கும் பிறகு, கற்கச் சென்ற பலர் திரும்பும் வழியின்றி அங்கேயே தங்கினர். சூரியன் இரண்டு மாதம் எழாத வடகோடியிலே மீன் பதனிடும் சாலைகளில் உழைத்தனர். இன்று செல்லும் மாணவருக்கு அங்கே தமிழ்க் கடையும் கோயிலும் உள்ளன என்றால், அவை இந்த முன்னோடிகள் தேடிவைத்தவை.

அக்கடைகளும் கோயில்களும் பெரிய ஆறுதல். எனினும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். தமிழர் வீட்டிலே தங்கி, தமிழரோடு மட்டுமே பேசி, புட்டும் சொதியும் உண்டு, வகுப்புக்கு மட்டும் வெளியே சென்றுவரும் மாணவன், ஓராண்டின் பின் நோர்வேயைக் காணாமலே நோர்வேயிலிருந்து திரும்புகின்றான். அவ்வாறே, தமிழரைக் கண்டால் வேறு வீதியாற் செல்பவனும் நிலைபெறுவதில்லை. கிழமையில் ஒரு நாள் தாய்மொழியிலே மனம்விட்டுப் பேசி, ஏனைய நாட்களிலே அந்நிய மொழியிலே தடுமாறக் கூசாதவனே விரைவிற் காலூன்றுகின்றான்.

தடுமாறக் கூசாமை என்று சொன்னேன். நான் இன்று சொல்ல வந்த கருத்தும் அதுவே. அந்நிய நாடு செல்லும் மாணவன் மீண்டும் ஒரு பாலர் வகுப்புப் பிள்ளையாகின்றான். இங்கே முதன்மாணவனாக இருந்தவன் அங்கே சாமான் வாங்கவும் தெரியாதவனாகின்றான். இந்தத் தாழ்வை ஏற்றுக்கொண்டு, தெரியாது என்று சொல்லக் கற்றவன் கரையேறுகின்றான். அதனை மறைப்பவன், மறைத்து மறைத்தே தனித்துப் போகின்றான்.

எங்கள் பெரியோர் பலருடைய கல்வி இத்தகைய மறுதொடக்கத்தினாலேயே சிறந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சென்னைக்குச் சென்று, 1857ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். அக்காலத்திலே அதுவும் கடல் கடந்த படிப்பே. கரம்பனிற் பிறந்த தனிநாயக அடிகள் 1930களிலே உரோமாபுரிக்குச் சென்று, பல நாட்டு மாணவரோடு கற்றுக் குருவானார். பின்னர், எங்கள் ஊரின் பெயரையே கொண்ட தமிழ்நாட்டுத் திருநெல்வேலிச் சீமையிலே, வடக்கன்குளம் என்னும் ஊர்ப் பாடசாலையிற் பணியாற்றுகையில், தமது தமிழறிவு போதாதெனக் கண்டார். பல மொழி கற்ற அந்தக் குருவானவர் சிறிதும் கூசவில்லை. பண்டிதர் ஒருவரிடம் தமிழ் கற்கத் தொடங்கி, அதன்பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே மாணவராய் அமர்ந்தார். 1964ஆம் ஆண்டிலே அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றுவதற்கு முன்னின்றவர் அவரே.

யாழ்ப்பாண வளாகத்தின் முதற்றலைவரான பேராசிரியர் க. கைலாசபதி, 1960களிலே பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலே சங்கச் செய்யுள்களைக் கிரேக்க வீரகாவியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சி 1968ஆம் ஆண்டிலே ஒக்ஸ்போர்ட் பதிப்பகத்தின் நூலாக வெளிவந்தது. அவருக்கு வழிகாட்டிய கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சன் இலண்டனிற் பிறந்தவர். இளமையிலே, 1923ஆம் ஆண்டிலே, அயர்லாந்தின் மேற்குக் கரைக்கப்பால் உள்ள பிளாஸ்கற் தீவுக்குச் சென்று, அங்குள்ள மீனவரிடமும் முதியோரிடமும் ஐரிஷ் மொழியைக் கற்றவர் அவர். தானும் ஒருகாலத்திலே அந்நிய மண்ணில் மொழியறியாப் பிள்ளையாக நின்ற ஆசிரியர், தொலைதூரத்திலிருந்து வந்த மாணவனை எளிதில் அறிந்துகொள்வார் அன்றோ? பேராசிரியர் கா. சிவத்தம்பி அவர்களும் அவரிடமே சென்று கற்றார்.

கேம்பிறிட்ஜிலே கற்ற பேராசிரியர் அ. துரைராஜாவையும் இங்கே நினைத்தல் வேண்டும். அங்கே அவர் களிமண்ணின் இயல்பை ஆராய்ந்தார். றொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்னும் இருவரோடு சேர்ந்து 1963ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட கட்டுரை, மண்பொறியியலிலே இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றது. அத்தகையவர் நாடு திரும்பினார். 1988ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்து, போரும் இருளும் சூழ்ந்த காலத்திலே துவிச்சக்கர வண்டியிற் பயணஞ் செய்து கடமையாற்றி, 1994ஆம் ஆண்டிலே காலமானார். திருநெல்வேலி வீதிகளில் அவர் சென்ற காட்சியை எங்கள் ஊரவர் இன்னும் சொல்லுவர்.

திரும்பி வருதலும் ஒரு கல்வியே. 1963ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆய்வாளரான கல்லஹோர்ன் தம்பதியர், அந்நிய நாட்டிற் கற்று மீள்வோர் தம் சொந்த ஊரிலும் அதே தளர்ச்சியை மீண்டும் அடைகின்றனர் என்று எழுதினர். வந்த பிள்ளை, ஏன் இங்கே எவரும் வரிசையில் நிற்பதில்லை என்று கேட்பான்; கூட்டத்திலே பெரியவர் ஒருவரோடு மாறுபட்டுப் பேசுவான். வெளிநாட்டுத் திமிர் என்று நாம் சொல்லிவிடுகின்றோம். கேள்வி கேட்கக் கற்பதற்காகவே அவனை அனுப்பினோம் என்பதை மறந்துவிடுகின்றோம்.

ஆதலால் நாம் செய்யத்தக்கது யாது? ஆசிரியராகிய நாங்கள், கேள்வி கேட்கும் பிள்ளையைப் பாடசாலையிலேயே பழக்கல் வேண்டும். விளங்கவில்லை என்று கையுயர்த்தும் பிள்ளையை வகுப்பு நகையாடாமற் காத்தல் வேண்டும். ஒரு பந்தியைப் படித்துத் தன் சொந்த வசனத்தில் எழுதவும், அது யாருடைய கருத்து என்று குறிக்கவும் பத்தாம் வகுப்பிலேயே பயிற்றலாம். இதற்குப் பணம் வேண்டியதில்லை.

பெற்றோர்க்குச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. பிள்ளை தொலைபேசியில் அழைத்தால், சாப்பிட்டாயா, எத்தனை புள்ளி என்று மட்டும் கேளாதீர்கள். இந்தக் கிழமை எது கடினமாயிருந்தது என்று கேளுங்கள். அவன் சொன்னால், உடனே அழவும் வேண்டாம், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவும் வேண்டாம். கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். வீட்டார் மறைப்பதும் உண்டு. தந்தையின் நோயை மறைப்பர், கடனை மறைப்பர். இரு கரையிலும் உள்ளோர் ஒருவரையொருவர் காப்பதற்காக மறைத்து மறைத்து, ஈற்றிலே பேசுவதற்கு வானிலை ஒன்றே மிஞ்சுகின்றது.

மாணவர்க்கு நான் சொல்வதும் சிலவே. சென்ற முதற் கிழமையிலேயே, மாணவர்க்கு உதவும் அலுவலகம் எங்கேயிருக்கின்றது, வைத்தியரை எப்படிக் காண்பது என்று அறிந்து வையுங்கள். தேவை வரும்போது தேட மனம் வராது. ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு கேள்வியாவது கேட்பதென்று தீர்மானியுங்கள். வெளிச்சம் உள்ள நேரத்திலே வெளியே நடவுங்கள். சோறு சமைக்கக் கற்றுக்கொண்டு செல்லுங்கள். ஒருவனுக்குச் சமைப்பதைவிட, அறைத் தோழனையும் அழைத்து இருவர்க்குச் சமைப்பது எளிது. எட்டாம் மாதத்திலே எல்லாம் வெறுத்துப்போனால், அஃது உங்கள் தோல்வியன்று. பலரும் கடந்த துறை அது.

நான் முன்னர்க் குறித்த இளைஞனுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பீர்கள். பல்கலைக்கழகத்திலே மனநல ஆலோசகர் ஒருவரை அவன் ஈற்றிலே நாடினான். தாயாரிடமும் உண்மையைச் சொன்னான். அந்த அம்மையார் என்னிடம் வந்து, “ஐயா, சித்தியடையாதது எனக்குப் பெரிதில்லை. ஒரு வருஷமாய் என் பிள்ளை யாரோடு பேசினான் என்றதுதான் எனக்குப் பெரிசு” என்றார். ஓராண்டு பிந்தி அவன் படிப்பை முடித்தான். இன்று இங்கேயே தொழில் செய்கின்றான். ஆனால் அந்த ஓராண்டை அவனுக்கு எவராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. அதில் ஒரு பங்கு என்னுடைய கடன்.

அண்மையிலே, எங்கள் பாடசாலையின் பழைய மாணவி ஒருத்தி ஒரு தவணைக்குப் பரிமாற்ற மாணவியாகப் புறப்பட்டபோது, தாயாரோடு விடைபெற வந்தாள். இம்முறை நான், “பிள்ளை, கிழமைக்கு ஒரு கடினத்தையாவது அம்மாவுக்கு எழுது” என்றேன். தாயார் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். மூன்றாம் கிழமையிலே அவர் கைத்தொலைபேசியோடு என்னிடம் வந்தார். விரிவுரையிற் பாதி விளங்கவில்லை என்றும், வெட்கத்தை விட்டுக் கேட்டபோது அந்நாட்டு மாணவர் இருவரும் தமக்கும் விளங்கவில்லை என்றனர் என்றும், இப்போது மூவரும் சேர்ந்து படிக்கின்றனர் என்றும் மகள் எழுதியிருந்தாள். அதற்கு என்ன பதில் எழுதினீர்கள் என்று கேட்டேன். கிணற்று மோட்டார் பழுதாகி நான்கு நாட்களாகத் தண்ணீர் அள்ளிச் சுமப்பதை, அவளுக்குச் சொல்லாமல் வைத்திருந்ததாகவும், அன்று அதனை எழுதிவிட்டதாகவும் அவர் கூறினார்.

அந்தத் தாயும் மகளும் தொடங்கிய இந்தப் பரிமாற்றம் கடல் கடந்து பிள்ளைகளை அனுப்பிய எல்லா வீடுகளிலும் நிகழ வேண்டும் என்று விரும்பி, விடைபெறுகின்றேன்.